விடைகொடுத்துத் தேய்ந்த இடம்

விடுகதைக்கும் அது உண்டு, விருந்தாளிக்கும் அது உண்டு. விடுகதைக்கு அதைச் சொல்லிவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும், விருந்தாளிக்கு அதைக் கொடுத்துவிட்டால் பயணம் தொடங்கிவிடும். அது என்ன? உடனே சொல்ல வேண்டாம். கல்கண்டு மாதிரி வாயில் அடக்கிக்கொண்டு கதையைக் கேளுங்கள். கார் தெருமுனைக்கு வருவதற்குள் அது தானே கரைந்து வெளியே வந்துவிடும்.

முந்திரிவிளை என்ற ஊர் செம்மணல் காட்டின் ஓரத்தில் இருக்கிறது. சென்னையில் ஒரு மளிகைக் கடை, மும்பையில் ஒரு மளிகைக் கடை, சூரத்தில் ஒரு பாத்திரக் கடை என்று அந்த ஊர்க்காரர்கள் போகாத இடமில்லை, போகிற ஒவ்வொருவரும் ரயில் நிலையம் வரைக்கும் போவது லிங்கத்துரை அண்ணாச்சியின் வெள்ளைக் காரில்தான். அது பழைய கார், கார்புரேட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்த காலத்தில் முதன்முதலாக வந்த பெட்ரோல் கார்களில் ஒன்று. அதன் வயதை யாராவது கேட்டால், கேட்டவரின் வயதை அண்ணாச்சி திருப்பிக் கேட்பார்.

போகிறவரை அனுப்பிவைக்க அந்த ஊரில் ஒரு முறை இருந்தது. கார் கிளம்பியதும் ஓடிவிடக் கூடாது. தெரு முழுக்க ஊர்ந்து போக வேண்டும். ஜன்னலில் கை வைத்தபடி அம்மாவும் மதினியும் கூடப் படித்தவர்களும் நடந்து வருவார்கள், முறுக்கு டப்பா ஒன்று உள்ளே போகும், மறந்துபோன சார்ஜர் உள்ளே போகும், யாருக்கோ கொடுக்கச் சொல்லி ஒரு கருப்பட்டிப் பொட்டலம் உள்ளே போகும், அத்தனைக்கும் இடம் கொடுத்தபடி லிங்கத்துரை ஆக்சிலரேட்டர் மிதியைக் கால்வாசிக்கு அழுத்தி அங்கேயே பிடித்துக்கொண்டிருப்பார். தெருமுனை டிரான்ஸ்பார்மர் வந்ததும் உள்ளே இருப்பவர் தலையை நீட்டி, "போயிட்டு வாரேன்" என்பார். போறேன் என்று மட்டும் சொல்லக் கூடாது, சொன்னால் அது திரும்பி வராதவர்களின் சொல். ஜன்னலில் இருக்கும் கைகள் அப்போதுதான் விலகும், லிங்கத்துரையின் கால் அப்போதுதான் முழுசாக இறங்கும். இதற்குத்தான் விடைகொடுப்பது என்று பெயர். ஆமாம், விடை, வாயில் அடக்கி வைத்திருந்தவர்கள் இனி விழுங்கிவிடலாம்.

ஓர் ஆனி மாதத்தில் ஜெபசிங் என்கிற பையன் சென்னை வேலைக்குக் கிளம்பினான். கார் ஊர்ந்தது, அவனுடைய அம்மா கூடவே நடந்தாள், டிரான்ஸ்பார்மர் வந்தது, அவன் "போயிட்டு வாரேம்மா" என்றான், கார் வெட்டி வெட்டி இழுத்து, ஒரு தும்மல் தும்மி நின்றுவிட்டது. மறுநாளும் அவன் சொன்னதும் நின்றது. அதற்கடுத்த நாளும் நின்றபோது அவன் காரிலிருந்து இறங்கி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வேலை சென்னையில் இல்லை, கனடாவில், அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்தாயிற்று, அங்கேயே இருந்துவிடப் போகிறேன் என்றான். பிறகு ஏறி உட்கார்ந்து, குனிந்த தலையோடு, "போறேம்மா" என்றான். கார் நெய்யில் வழுக்கியதுபோலப் போனது. அம்மா அழுதாள், அழுதுகொண்டே பையன் சட்டைப் பையில் சீப்பு வைத்திருக்கிறானா என்று பக்கத்தில் நின்றவளிடம் கேட்டாள், தெரு கலைந்து சாப்பிடப் போனது.

வராதவன் வாரேன் என்று சொன்னால் கார் நகராது என்பது இப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை, ஏனென்றால் அதை வைத்துச் செய்ய வேண்டிய காரியங்கள் நிறைய இருந்தன. மனைவியிடம் சண்டை போட்டுக்கொண்டு மும்பைக்குக் கிளம்பிய ஒருவர் டிரான்ஸ்பார்மர் அடியில் மாட்டிக்கொண்டு, வெட்கப்பட்டு, வீட்டுக்குத் திரும்பி நடந்து வந்தார். மறுவீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளைகளை அந்தக் காரில் அனுப்பிப் பார்த்து, கார் நிற்காமல் போனால் மாமனார்கள் தெருவிலேயே பீடி பற்றவைத்துச் சந்தோஷப்பட்டார்கள். மாற்றலாகிப் போன ஒரு வங்கி மேனேஜர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, போறேன், இனி இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்று சொன்னபோது கார் அதுவரை போகாத அழகோடு போனது. அந்த ஊரில் யாருக்கும் கிடைக்காத மரியாதை அவருக்குக் கிடைத்தது, இன்றைக்கும் அவர் பெயரை எடுத்தால் உண்மை பேசிய மனுஷன் என்பார்கள். ஓட்டுக் கேட்க வந்த வேட்பாளர் ஒருவர் ஜெயித்ததும் வந்து நன்றி சொல்லுவேன் என்று சொல்லி அந்தக் காரில் ஏறினார். அவரைப் பஜார் வரைக்கும் ஊரே தள்ளிக்கொண்டு போனது. அவர் ஜெயித்தார், வரவில்லை.

பக்கத்து ஊர்க்காரர்கள் பொறாமையில், உங்க காருக்குச் சீக்கு, சீக்கைச் சாமின்னு கும்பிடுறீங்க என்று கேலி பேசினார்கள். எங்க காருக்குச் சீக்கு இல்ல வே, மனசாட்சி, உங்க ஊர்ல எதுக்காவது அது உண்டா என்று முந்திரிவிளைக்காரர்கள் பதில் சொன்னார்கள். ஊர்க் கோயில் கொடை விழாவுக்கு வைத்த பேனரில் அம்மனுக்குக் கீழே காரின் படத்தையும் போட்டார்கள். பானெட்டில் சந்தனப் பொட்டு வைத்தார்கள். டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்துகொண்டே இருந்தது. அதையும் நல்ல சகுனத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த விளக்கைப் பார்த்து மனம் பொறுக்காதவள் ஒருத்திதான். பைபாஸ் ஓரத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்த மரியபுஷ்பம் அவள். மீட்டர் சொல்லாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்றியதில்லை என்று அவளே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள், கேட்காதவர்களையும் நிறுத்திவைத்துச் சொல்லுவாள். ஆரம்பத்திலேயே அவள் லிங்கத்துரையிடம், த்ராட்டில் சென்சார் மேல் எனக்குச் சந்தேகம், கொண்டு வாரும் பார்ப்போம் என்று சொன்னாள். ஊர் விடவில்லை. பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது பறந்துவிடும் என்று சொன்னவர்களும் உண்டு. மரியபுஷ்பம் விட்டுவிட்டாள், ஆனால் தன் கடை வழியாகக் கார் போகும்போதெல்லாம் அந்த மஞ்சள் விளக்கை ஒரு முறை முறைத்துக்கொண்டாள்.

இப்போது சுயம்புகனி வருகிறாள். அவளுடைய அப்பா கோயில்ராஜும் அம்மா முத்துலதாவும் மும்பையில் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். நடக்கப் பழகியிருந்த வயதில் அவளை அப்பாவின் அக்காவான பாக்கியத்தாயிடம் விட்டுவிட்டு, ஒவ்வொரு கொடைக்கும் வாரோம் என்று சொல்லிப் போனவர்கள்; அது காருக்கு இந்தக் குணம் வருவதற்கு முன்னால் நடந்தது. நடுவில் ஒரே ஒரு கொடைக்கு வந்தார்கள். சுயம்புகனி ஐந்தாம் வகுப்பை முடித்தபோது இருவரும் வந்து, அங்கே நல்ல பள்ளிக்கூடம் பார்த்தாயிற்று, அங்கே பிறந்த தம்பிப் பயலும் அக்கா எங்கே என்று கேட்கிறான், கூட்டிக்கொண்டு போகிறோம் என்றார்கள். பாக்கியத்தாய் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பெத்தவ கேக்கா, நான் யாரு என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, பெட்டி அடுக்கினாள்.

மத்தியான ரயிலுக்குக் கார் வந்தது. தெருவே கூட நடந்தது. பாக்கியத்தாயின் கை ஜன்னலில் இருந்தது, சுயம்புகனியின் கை அதன் மேல் இருந்தது. டிரான்ஸ்பார்மர் வந்ததும் சுயம்புகனி, "போயிட்டு வாரேன் அத்த" என்றாள். கார் வெட்டி இழுத்து, தும்மி நின்றது.

லிங்கத்துரை மறுபடி ஸ்டார்ட் பண்ணினார், மறுபடி சொல்லச் சொன்னார்கள், மறுபடி நின்றது. அப்போது பாக்கியத்தாய் ஜன்னலிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். கோபத்தோடு எடுக்கவில்லை, பாத்திரம் சுட்டதுபோல எடுத்தாள், எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் வளர்த்த பிள்ளை திரும்பி வரமாட்டாள் என்று கார் சொல்லிவிட்டது, கார் ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை.

சுயம்புகனி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து இறங்கி, காரின் முன்னால் போய் நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"நான் வருவேன். கார்தான் பொய் சொல்லுது."

அந்த ஊரில் அப்படி ஒருவரும் சொன்னதில்லை. சின்னப் பிள்ளை தெரியாமல் பேசுகிறது என்று ஒருவர் சமாதானம் சொல்ல, தெரிந்துதான் பேசுகிறேன் என்று அவள் சொன்னாள். பக்கத்து ஊரில் வேறு வண்டி பிடித்துவிடலாம் என்று கோயில்ராஜ் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பொய்க்காரி என்ற பேரோடு எந்த வண்டியிலும் ஏறமாட்டேன் என்றாள். ரயில் நேரம் தாண்டியது. அவள் பானெட்டில் சாய்ந்தபடி, சந்தனம் சட்டையில் ஒட்ட, வெயிலில் அப்படியே நின்றாள். கடைசியில் லிங்கத்துரை பெருமூச்சு விட்டு, தன் காரின் மேல் இருந்த நம்பிக்கையாலேயே, சரி, சோதித்துப் பார்த்துவிடுவோம், நம்ம கார் எதற்குப் பயப்பட வேண்டும் என்று மரியபுஷ்பத்துக்கு ஆள் அனுப்பினார்.

மரியபுஷ்பம் ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது அவளுடைய நடையைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கையில் டூல்ஸ் பெட்டி, இன்னொரு கையில் முள் மீட்டர். எண் காட்டுகிற புது மீட்டர்கள் சின்னச் சறுக்கலைத் தாண்டிப் போய்விடும், முள்தான் நடுங்கினால் நடுங்கியது என்று காட்டும் என்பது அவள் கட்சி. பானெட்டைத் திறந்தாள். எதுவும் பறந்து போகவில்லை, ஒரு பல்லி மட்டும் போனது.

அவள் பார்த்த பொருள் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிரைவர் மிதியை அழுத்தினால் எஞ்சினுக்குக் காற்று போகிற குழாயில் ஒரு மூடி திறக்கும். மூடி எவ்வளவு திறந்திருக்கிறது என்று காரின் கம்ப்யூட்டருக்கு ஓயாமல் தகவல் சொல்லிக்கொண்டே இருக்க அந்த மூடியின் அச்சில் ஒரு சின்னத் தூதன் உட்கார்ந்திருப்பான். அவன்தான் த்ராட்டில் சென்சார். அவனுக்குள்ளே ஒரு கரித்தடம், அதன் மேல் உரசி நகர்கிற ஒரு சின்னக் கை. மூடி திறக்கத் திறக்கக் கை நகரும், அவன் அனுப்புகிற வோல்டேஜ் கூடும், அதற்குத் தக்கபடி கம்ப்யூட்டர் பெட்ரோல் ஊற்றும். தடத்தில் எங்காவது கரி தேய்ந்து போயிருந்தால், கை அந்த இடத்துக்கு வரும்போது தூதனுக்குப் பேச்சு நின்றுவிடும். மிதியிலிருந்து கால் எடுத்தாயிற்று என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலை வெட்டும், கார் தும்மும்.

மரியபுஷ்பம் சாவியைப் போடச் சொன்னாள், எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்றாள். சென்சாரின் மூன்று ஒயரில் தகவல் ஒயரின் பின்பக்கமாக ஒரு குண்டூசியைச் செருகி, மீட்டரை அதில் மாட்டி, மீட்டரை எல்லோருக்கும் தெரியும்படி பானெட் ஓரத்தில் சாய்த்து வைத்தாள். பிறகு கையாலேயே மூடியை மெல்ல மெல்லத் திறந்தாள். முள் ஏறியது, ஏறியது, கால்வாசியில் மயிரிழை அளவுக்கு நடுங்கியது, மறுபடி ஏறி உச்சிக்குப் போனது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். திரும்பத் திரும்ப அதே கால்வாசியில் நடுங்கியது.

"தேய்வுதான்" என்றாள். "ஊரெல்லாம் ஓட்டுற காருக்குத் தடம் பூராத் தேயும். உங்க காருக்கு இந்த ஒரு இடத்துல மட்டும் தேஞ்சிருக்கு. எப்ப பார்த்தாலும் மிதியைக் கால்வாசியில வச்சு இந்தத் தெருவ ஊர்ந்தா வேற எங்க தேயும்?"

அதைக் கேட்டுத் தெருவின் நெஞ்சு நிமிர்ந்தது. அப்படியென்றால் அது தங்கள் கை பட்ட இடம், முறுக்கு டப்பாவும் கருப்பட்டியும் உள்ளே போன இடம், ஒவ்வொருவரையும் விடமாட்டாமல் விட்ட இடம். மற்ற ஊர்க் கார்களெல்லாம் ஓடித் தேய, தங்கள் கார் விடைகொடுத்துத் தேய்ந்திருக்கிறது. பக்கத்து ஊருக்குச் சொல்ல இது போதும் என்று ஒருவர் மற்றவரின் தோளைத் தட்டினார்.

தேய்வு சரி, ஆனால் பிள்ளை சொன்னது பொய்யா என்று பாக்கியத்தாய் கேட்டாள். அவள் அதுவரைக்கும் தூரமாக நின்றவள்.

மரியபுஷ்பம் சுயம்புகனியை முன் சீட்டில் உட்காரச் சொல்லி, நான் மூடியைத் திறக்கும்போது அந்தப் பேச்சைச் சொல்லு என்றாள். சுயம்புகனி, "போயிட்டு வாரேன்" என்றாள். கால்வாசியில் முள் வெட்டுப்பட்டதுபோலக் கீழே விழுந்தது. கூட்டத்திலிருந்து ஒரு மூச்சு வந்தது. ஆனால் சுயம்புகனி இறங்கவில்லை.

மரியபுஷ்பம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காரில் கோளாறு என்றால் எல்லா ஒயரையும் ஒன்றாகப் பிடித்துப் பார்த்து அவள் ஒருநாளும் முடிவு சொன்னதில்லை. ஒவ்வொரு ஒயராகக் கழற்றி, ஒவ்வொன்றாகச் சோதித்து, கோளாறு எதில் என்று கண்ட பிறகுதான் வாயைத் திறப்பாள். அந்தப் பழக்கம்தான் இப்போதும் அவளைப் பேசவைத்தது.

"இதுல ரெண்டு பேச்சு இருக்குல்லா" என்றாள். "தனித்தனியாச் சொல்லு மக்கா. மொதல்ல ரெண்டாவத."

சுயம்புகனி, "வாரேன்" என்றாள். மரியபுஷ்பம் மூடியைத் திறந்தாள். முள் கீழிருந்து உச்சிவரை, ஒரு நடுக்கமும் இல்லாமல், தேய்ந்த இடத்திலும் தேயாததுபோல ஏறியது.

"இப்ப மொதல்ல உள்ளது."

"போயிட்டு" என்றாள் சுயம்புகனி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. முள் கால்வாசியில் பொத்தென்று விழுந்தது.

மரியபுஷ்பம் அவசரப்படவில்லை. வரிசையை மாற்றிச் சொல்லச் சொன்னாள், மெதுவாகச் சொல்லச் சொன்னாள், அத்தையைப் பார்க்காமல் சொல்லச் சொன்னாள். வாரேன் என்றபோதெல்லாம் முள் ஏறியது, போயிட்டு என்றபோதெல்லாம் விழுந்தது. இத்தனை காலமும் அந்த ஊர் கார் நின்றதும் வாரேன் என்பதையே சந்தேகப்பட்டது. வாரேன் என்பதற்கு முன்னால் போயிட்டு என்று ஒரு சொல் இருக்கிறது, அதிலும் ஒருவர் பொய் சொல்ல முடியும் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் போவது என்பது அந்த ஊரில் யாரும் விருப்பம் கேட்காத காரியமாக இருந்தது.

பாக்கியத்தாய் வந்து ஜன்னலில் கையை வைத்தாள். சுயம்புகனி மூக்கை நிமிர்த்தித் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். காரைவிடத் தாம் சரியாக வளர்த்த ஒன்று இங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெருவுக்கு அப்போது பட்டது.

முத்துலதாதான் கேட்டாள்.

"எங்க கூட வர மனசில்லையாட்டி?"

"ஆறாவது இங்கதாம்மா படிப்பேன்" என்றாள் சுயம்புகனி. "முழுப் பரீட்சை லீவுக்கு வாரேன். தம்பிட்டயும் சொல்லு."

மரியபுஷ்பத்தின் கை மூடியில்தான் இருந்தது. கேட்காமலே அவள் திறந்தாள். முள் ஏறியது. முத்துலதா அது உச்சிக்குப் போகும்வரை பார்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்து, பெட்டிகளில் பிள்ளையினுடையதை மட்டும் இறக்கச் சொன்னாள். அத்தைக்காரி வளர்த்த வளர்ப்பு அப்படி என்று கோயில்ராஜ் யாரிடமோ சொன்னார். குறையாகத்தான் தொடங்கினார், முடிக்கும்போது அது பெருமையாகிவிட்டது.

சாயங்கால ரயில் ஒன்று இருந்தது. கோயில்ராஜும் முத்துலதாவும் பின் சீட்டில் ஏறினார்கள். தெரு மறுபடி கூடியது. அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது, முத்துலதாவுக்கு முதலில் வந்தது: இனி அவள் அந்தப் பேச்சைச் சொல்ல வேண்டும். கொடைக்கெல்லாம் வாரோம் என்று ஒரு காலத்தில் சொல்லிப் போனவள், இப்போது இந்தக் காரில் உட்கார்ந்து, மகளைப் பார்த்து அதையே சொல்ல வேண்டும். அவள் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பானெட்டின் சந்தனப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரு முழுக்கக் காதாக நின்றது.

மரியபுஷ்பம் தன் பெட்டியிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்தாள். அதில் புது சென்சார் இருந்தது, மஞ்சள் விளக்கு எரிந்த முதல் மாதமே வாங்கி வைத்தது. இதை மாட்டினால் யார் எதைச் சொன்னாலும் கார் ஓடும், மாட்டாவிட்டால் இப்படியே இருக்கும், கோளாறைக் கண்டுபிடித்தாயிற்று, இனி இரண்டும் தனக்குச் சம்மதம் என்றாள். மாட்டக் கூடாது என்று தெருவில் பாதிப் பேர் சொன்னார்கள். பேனர், கொடை, பக்கத்து ஊர் எல்லாவற்றையும் சொன்னார்கள். லிங்கத்துரை காரின் கூரையை ஒரு முறை தடவிக்கொடுத்தார்.

"வண்டி என்னுதுதான். ஆனா வண்டியச் சந்தேகப்பட்டது அந்தப் பிள்ளை ஒருத்திதான்" என்றார். "அவ சொல்லட்டும்."

சுயம்புகனி அட்டைப் பெட்டியைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், ஜன்னல் விளிம்பில் இருந்த அம்மாவின் கையைப் பார்த்தாள்.

புது சென்சாரை மாட்டச் சொன்னாள். மாட்டி முடித்து பானெட்டை மூடிய பிறகு, அம்மாவைச் சொல்லச் சொன்னாள்.